ரேடியேட்டரில் மஞ்சள்

வண்டி வாங்கிய அன்றே அதைக் கிணறு மாதிரி பங்கு போட்டுக்கொண்டோம், நானும் என் அண்ணனும். அந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டால் இன்றைக்கு இரண்டு பேருமே அடுத்தவரைக் கைகாட்டுவோம். அன்றைக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரிக் காடுதான் அதிகம். கிணறு இருந்தாலும் பெரும்பாலும் கூட்டுக் கிணறு. பங்காளிகள் நாலு பேர் இருந்தால் நாலு முறை, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. யார் முறையில் மோட்டார் நிற்கிறதோ அவர்தான் சரிசெய்ய வேண்டும். தெரிந்தே கெடுத்தவன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் பத்திர ஆபீசில் பதிந்ததைவிடக் கெட்டியான சட்டம்.

எங்கள் வண்டி ஒரு பழைய லோடு வேன், டீசல். மூன்று பேரிடம் உழைத்துக் களைத்து, நாலாவதாக எங்களிடம் வந்து சேர்ந்தது. சோளமோ சின்ன வெங்காயமோ ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போவோம், சீசனில் தா.பழூர்ப் பக்கம் போய் வைக்கோல் ஏற்றி வருவோம். ஒரு வாரம் அண்ணனுக்கு, ஒரு வாரம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவி கை மாறும். பங்காளிகளில் மூத்தவரான எங்கள் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சட்டத்தைச் சொன்னார்.

"கெணத்துக்கு என்ன முறையோ அதேதான் வண்டிக்கும். எவன் வாரத்துல நிக்குதோ அவன் பார்த்துக்கணும். தெரிஞ்சே கெடுத்தவன் வண்டிய வுட்டுட்டுப் போயிடணும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

சம்மதம் என்றோம். தலையை ஆட்டுவதற்கு என்ன வலிக்கவா போகிறது.

கிணற்று மோட்டார் நின்றால் யார் முறையில் நின்றது என்பதில் சந்தேகமே வராது. வண்டி அப்படி இல்லை. ஒரு வாரத்தில் கெடும், இன்னொரு வாரத்தில் காட்டும். இந்தச் சின்ன விஷயம் எங்கள் மூன்று பேர் மண்டையிலும் ஏறவில்லை. பன்னிரண்டாவது வரை படித்த என் மண்டையிலும் ஏறவில்லை.

அந்தப் படிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பெரம்பலூரில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னால் என்னை "டேய்" என்றார் என்பதற்காக, பில் புத்தகத்தை அவர் மேசைமீது எறிந்துவிட்டு வந்தவன் நான். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அண்ணன் எட்டாவதோடு நின்றவர். கோபமே வராது. அதிகம் பேசவும் மாட்டார். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது, வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண். வண்டி போனால் எனக்கு என் மனைவியின் தையல் மிஷினாவது இருந்தது. அவருக்கு அடுப்பு எரியாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

முதல் சூடு என் வாரத்தில்தான் வந்தது. தை மாதக் கடைசி. தா.பழூர்ப் பக்கம் நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டுக் கட்டாகக் கிடக்கும் காலம். சனிக்கிழமை மத்தியானம், கேபினுக்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அரியலூரைத் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வந்தேன். வண்டியில் டெம்பரேச்சர் முள் நாங்கள் வாங்கும்போதே செத்துக் கிடந்தது. சூட்டைக் காலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடது பாதம் சுட்டது. கொஞ்ச தூரத்தில் ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. அப்புறம் முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது.

ஓரம்கட்டினேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து அடுத்த சொட்டு. அவ்வளவுதான் வியாதி. பெரம்பலூரில் கழற்றி, ஓட்டையில் ஈயப் பற்று வைத்து மாட்டினால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த ஒரு நாள் என் வாரத்து நாள், செலவும் என் செலவு. மறுநாள் சாயங்காலம் தாண்டிவிட்டால் இரண்டும் அண்ணனுடையது.

ரேடியேட்டர் ஒழுகினால் டிரைவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். தூள் தண்ணீரோடு ஓடி, ஊறிப் பருத்து, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். வீடு சேரும்வரை தாங்கும். வீடு சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிவிட வேண்டும் என்பது அந்த வைத்தியத்தின் மறுபாதி. கழுவாமல் விட்டால் ஓட்டையை அடைத்த தூள் மெல்ல மெல்ல நல்ல குழாய்களையும் அடைக்கும். மறுபாதியைப் பலர் மறந்துவிடுவார்கள். நான் மறக்கவில்லை. அண்ணன் வாரத்தில் என்னவோ ஆகட்டும் என்று விட்டேன்.

வழியில் ஒரு பெட்டிக்கடையில் பாக்கெட் மஞ்சள் தூள் வாங்கி முழுதாகக் கொட்டினேன். கால் மணி நேரத்தில் சொட்டு நின்றது. ஞாயிறு சாயங்காலம் அண்ணன் சாவிக்கு வந்தார்.

"எப்படிடா இருக்கு வண்டி?"

"அருமையா ஓடுதுண்ணே."

"வைக்கோலு ஏத்துனியே, இழுத்துச்சா?"

"அதுக்கென்ன, குதிரை மாதிரி இழுக்குது."

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தது.

மாசி மாதம் முழுக்க வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சுட ஆரம்பித்தது. மேட்டில் ஏறினால் சுட்டது, லோடு கூடினால் சுட்டது. இரண்டு பேரும் அடுத்தவருக்குத் தெரியாமல் அதைத் தாலாட்டி ஓட்டினோம். நான் கேனில் தண்ணீர் வைத்துக்கொண்டேன். அண்ணன் வெயில் ஏறுமுன் ஓட்டி முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டி இரண்டு பேர் வாயிலும் அருமையாக ஓடியது. ஒரு நாள் மலையடிவாரத்துச் சாலை ஏற்றத்தில் ஆவி பறக்க அண்ணன் நின்றுகொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "தண்ணி பார்க்காம ஓட்டுறியாண்ணே? உன்கிட்ட குடுத்தா எதுதான் உருப்படும்?"

"தெனமும் பார்த்துத்தான்டா ஊத்துறேன்."

"ஊத்துனா ஏன் சுடுது?"

அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான்டா எனக்கும் தெரியல," என்றார்.

அண்ணி உள்ளேயிருந்து வந்து, "தம்பி, வாசல்ல நின்னுகிட்டு சத்தம் போடாதீங்க, உள்ள வாங்க," என்றார். நான் போகவில்லை. எனக்குக் காரணம் தெரியும் என்பது என் சத்தத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, குரைத்தது.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியப் படலம். ஒரு மெக்கானிக் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று புது பெல்ட் மாட்டினார். இன்னொருவர், ரேடியேட்டர் முகத்தில் வைக்கோல் தூசு அப்பிக் காற்றே போகவில்லை என்று பிரஷ் போட்டுத் தேய்த்தார். அது உண்மையும்கூட, கையளவு தூசு வந்தது. ஆனால் சூடு குறையவில்லை. மூன்றாமவர் பெரிய ஆள். இன்ஜின் வேலைசெய்யும் சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்திவைக்க ஒரு வால்வு உண்டு. "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்று அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். பல ஊரில் இந்த வேலை நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போர் தண்ணீரைக் குற்றம் சொன்னார். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் ரேடியேட்டரை மட்டும் விட்டுவைக்குமா என்றார். அதுவும் நியாயம்தான். என் மனைவி கண் திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள்.

ஒவ்வொருவர் சொல்வதையும் நான் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினேன். ஒருவரிடம்கூட, "ரேடியேட்டர்ல நான் மஞ்சள் போட்டிருக்கேன்," என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போய் எதைக் குடித்தோம் என்று சொல்லாமல் வயிற்றை மட்டும் காட்டுகிற ஆளைப் போல இருந்தேன். நாளாக நாளாக, அந்த ஒரு பாக்கெட் எப்போதோ கரைந்து போயிருக்கும், இது அண்ணன் ஓட்டுகிற லட்சணத்தால் வந்த சூடுதான் என்று நானே நம்பவும் தொடங்கிவிட்டேன். கோபக்காரனுக்கு இது சுலபம். கத்தக் கத்த, கத்துவது உண்மையாகிவிடும்.

பங்குனியில் திருமழபாடியில் நந்தி கல்யாணம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அண்ணன் தன் வாரத்தில், மகளையும் சொந்தக்காரர்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு வண்டியிலேயே போய்வந்தார். வண்டி எங்கேயும் நின்றதாகச் செய்தி இல்லை. கூட்டத்தோடு போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

சித்திரை முதல் வாரம். மறுபடியும் அண்ணன் வாரம். பெரம்பலூருக்கு முன்னால் சோள மூட்டைகளோடு வண்டி நின்றுவிட்டது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து, துறைமங்கலம் பக்கம் இருக்கும் ஒரு பட்டறையில் விட்டார்கள். அந்தப் பட்டறைக்காரர் ஒரு பாய். அறுபது வயது இருக்கும். பழைய டீசல் இன்ஜின் என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்பார்கள். ஆளைப் பார்த்தால் பேசவே மாட்டார், வண்டியைப் பார்த்துத்தான் பேசுவார்.

செய்தி வந்ததும் நான் பட்டறைக்கு ஓடவில்லை. பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "வண்டிய அண்ணன் கொன்னுடுச்சு பெரியப்பா. நீங்க வந்து உங்க கண்ணால பாருங்க," என்றேன். அவரை பைக்கில் பின்னால் உட்காரவைத்துப் பட்டறைக்குக் கூட்டிப்போனது நான்தான். இதை எத்தனை தடவை மாற்றி நினைத்துப் பார்த்தாலும், பைக்கை ஓட்டுகிறவன் நானாகவே இருக்கிறேன்.

பாய் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆறிக் கிடந்த இன்ஜினில் தண்ணீர் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இருமி இருமிப் பிடித்தது. பின்னால் வெள்ளைப் புகை. ரேடியேட்டர் வாயில் தண்ணீர் குமிழ் குமிழாகப் பொங்கியது.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. இன்ஜின் காத்து தண்ணியில கலக்குது," என்றார். "ஆனா இது வந்த நோயில்ல. நோயால வந்தது."

சூடேறும்வரை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் பக்கம் உள்ளங்கையை வைத்தார், சட்டென்று எடுத்தார். நடுவில் வைத்தார். அடியில் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பெரியப்பாவைக் கூப்பிட்டு, "இங்க கை வைங்க பெரியவரே," என்றார். பெரியப்பா தயங்கித் தயங்கி வைத்தார்.

"ஜில்லுன்னு இருக்குதே."

"மேல கொதிக்குது, கீழ ஜில்லுங்குது. தண்ணி எறங்கல. நடுவுல அடைச்சுக் கெடக்கு."

இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டரைக் கழற்றி வெளியே எடுத்தார். பித்தளை ரேடியேட்டர். மேல் தொட்டியின் ஈயப் பற்றை நெருப்புக் காட்டி உருக்கிப் பிரித்தார். உள்ளே பார்த்துவிட்டு எங்கள் பக்கம் சாய்த்துக் காட்டினார். குழாய்களின் வாய் ஒன்றுகூடத் தெரியவில்லை. மஞ்சள் சேறு பூசியிருந்தது.

நான் ஓரடி நகர்ந்து பெரியப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பாய் ஸ்குரு டிரைவரால் சேற்றைக் கீறினார். மேலே இளகலாக, பளிச்சென்ற மஞ்சள். அதை வழித்துவிட்டு அடியில் குத்தினார். அங்கே பழுப்பு நிறத்தில் ஓடு மாதிரி இறுகியிருந்தது. தட்டினால் சத்தம் வந்தது.

"யாரு மஞ்சத்தூளு போட்டது?" என்று கேட்டார். கேள்வியை ரேடியேட்டரிடம்தான் கேட்டார்.

"நான்தான் பாய்," என்றார் அண்ணன். "பங்குனியில திருமழபாடி கெளம்புற அன்னிக்கிப் பார்த்தா ஒழுகுச்சு. புள்ளைங்க எல்லாம் ஏறி உக்காந்துட்டாங்க. எறங்குங்கன்னு சொல்ல மனசு வரல. ஒரு கை போட்டேன்."

ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பெரியப்பா முன்னால், சட்டம் தெரிந்தே சொன்னார். எனக்கு அப்போது ஏற்பட்டது நிம்மதி. அசிங்கமாக இருந்தாலும் அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சேறு மொத்தமும் அண்ணன் பெயரில் எழுதப்பட்டுவிட்டது, நான் வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாய் விடவில்லை. "இது ஒரு தடவ போட்டதில்லையே. மேல கெடக்குறது புதுசு, ஒரு மாசம் இருக்கும். அடியில கெடக்குறது அதுக்கும் முந்தி. கெட்டுப்போனது அதுலதான். மேல போட்டது சும்மா மேல உக்காந்திருக்கு. மொதல்ல போட்டது எப்ப?"

பட்டறையில் எங்கோ கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. சாவி வாங்க வந்து நிற்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

"ரெண்டு தடவயும் நான்தான் பாய்," என்றார் அண்ணன்.

பாய்க்கு நம்பிக்கை வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அவருக்கு வண்டி வியாதிதான் தொழில், வீட்டு வியாதி இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரி. நாளைக்கி ஹெட்டப் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன், இன்ஷா அல்லா," என்று உள்ளே போய்விட்டார்.

பெரியப்பா அங்கேயே, பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார். ஒரு தடவை என்றால் அவசரத்துக்குப் போட்டான் என்று விட்டிருக்கலாம், இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் தம்பியிடம் சொல்லாமல் கொடுத்தது தெரிந்தே கெடுத்ததுதான் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. ஆள்தான் தப்பு. நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர் அவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எனக்கு இடம் இருந்தது. அந்த இடங்களில் எல்லாம் நான் என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி இனிமே தம்பிக்கு. நீ வுட்டுடு," என்று முடித்தார்.

"சரிங்க பெரியப்பா," என்றார் அண்ணன். சாவியை எடுத்து டயர் பக்கத்தில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. அவர் பஸ் ஏறி ஊருக்குப் போனார். நாங்கள் பைக்கில் போனோம்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொன்னவனுக்கு என்னைப் போல ஒரு தம்பி இருந்திருக்க மாட்டான்.

புது ரேடியேட்டர், புது கேஸ்கெட், கழற்றிப்போட்ட வால்வுக்குப் பதில் ஒன்று, எல்லாம் போட்டு பாய் வண்டியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டி ஒரு நாள்கூடச் சுடவில்லை. எல்லா வாரமும் என் வாரம். அண்ணன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஒன்றுக்கு டிரைவராகப் போனார். வாரம் ஒரு தடவை, புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து இறங்குவார். தெருவில் எதிரே பார்த்தால் என்னடா என்பார், என்னண்ணே என்பேன். அதற்குமேல் இரண்டு பேரிடமும் பேச்சு இருக்காது.

எனக்கு அவர்மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் இவரைக் கேட்டது? என் பங்கையும் சேர்த்துச் சுமந்து, என்னை வாழ்நாள் முழுக்கக் கூனிக் குறுக வைத்துவிட்டாரே என்று வண்டி ஓட்டிக்கொண்டே திட்டுவேன். பெரிய மனுஷன், தியாகி என்றெல்லாம் சத்தமாகவே சொல்வேன். கேபினில் என்னைத் தவிர யாரும் இல்லை.

ஒரு நாள் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள். "அக்கா சொல்றாங்க, மாமா ஒரே ஒரு தடவதான் போட்டாராம். மஞ்சள எடுத்துக் குடுத்ததே அக்காதானாம்."

"அதுக்கு?"

"அப்ப இன்னொன்னு யாருங்க போட்டா?"

கையிலிருந்த டம்ளரை எறிந்தேன். சுவரில் பட்டு நசுங்கியது. அவள் எழுந்து அதை எடுத்து நிமிர்த்தி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அது எனக்கு ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். பெண்ணுக்குச் சித்தப்பா நான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதிலிருந்து பந்தக்கால் ஊன்றுவது வரை கூடவே நிற்க வேண்டியவன். பங்காளி வீட்டுக்குப் பத்திரிகை வைப்பது எங்களில் பேருக்குத்தான். ஒரே வீட்டு ஆட்களில் யார் யாரை அழைப்பது? ஆனால் ஒரு சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் என் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம், மேலே பத்திரிகை.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தட்டை நீட்டினார்கள். நானும் மனைவியும் நின்று வாங்கிக்கொண்டோம். மனைவி அண்ணியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று நினைக்கிறேன். அண்ணன் சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இதற்குமேல் பேசாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணே, அந்த மஞ்சளு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா."

"எப்பத் தெரியும்?"

"தை மாசமே தெரியும். பாக்கெட்டு சீட்டுக்கு அடியிலயே கெடந்துச்சு." சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார். "நீ படிச்சவன். நீ போட்டுட்டுத்தான் ஓட்டுறே, சூட்டுக்கு அது காரணமா இருக்காதுன்னுதான் நானும் ஒரு கை போட்டேன்."

"அப்ப ஏண்ணே எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிட்ட? நான் கேட்டனா?" என்றேன். அப்போதுகூட என் குரலில் சண்டைதான் இருந்தது.

அண்ணன் என்னை நிதானமாகப் பார்த்தார். "உன்னக் காப்பாத்தறதுக்குன்னு நெனச்சுக்கிட்டியா?" என்றார். "எனக்கு அடுப்பு எரியணும்டா. புள்ளைய வச்சுக்கிட்டு எவனாவது வண்டிய வுடுவானா? ரெண்டும் நான்தான்னு சொன்னா, இல்லண்ணே ஒண்ணு என்னுதுன்னு நீ குறுக்க வருவேன்னு நெனச்சேன். ஆளுக்கு ஒண்ணுன்னு ஆனா பெரியப்பா வண்டிய ரெண்டு பேருக்குமே வுட்டிருப்பாரு. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் உன் வாயத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

உள்ளேயிருந்து அண்ணி வந்தார். இன்னும் நாலைந்து வீடு பாக்கி இருக்கிறது, பொழுது போகிறது என்றார். அண்ணன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடுங்க," என்றார். மற்ற வீடுகளில் எப்படிச் சொல்லிவிட்டு வந்திருப்பாரோ, அப்படியே சொன்னார்.